பத்தாம் நம்பர் எங்கே நிற்பான்? வியாசர்பாடியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பதினாறு வயதுப் பையன். செவன்ஸ் ஃபுட்பாலில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில், அவன் காலுக்குப் பந்து வந்துவிட்டால் ஏதாவது நடக்கும் என்று வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை வரைக்கும் பேர் வாங்கியவன். அதே பையனைப் பதினொரு பேர் ஆடும் பெரிய மைதானத்தில், ஃபார்வர்டுக்குப் பின்னால் பத்தாம் நம்பர் இடத்தில் நிறுத்தியபோது, ஆட்டம் முழுக்க அவன் இருக்கிற இடமே தெரியவில்லை. அவனை எங்கே ஆடவைப்பது என்று எங்கள் டீமில் ஒரு சீசன் முழுக்கப் பேசினோம், மாற்றிப் பார்த்தோம். அந்தக் கதையையும் அதிலிருந்து எனக்குப் புரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் அந்த டீமின் உதவி கோச். பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்பதால் அவன் பெயரும் டீமின் பெயரும் வேண்டாம்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் நம்பர் என்ற வேலை, அதாவது ஃபார்வர்டுக்குப் பின்னால் நின்று கோலுக்கான பாஸைப் படைக்கிற வேலை, அழிந்துபோய்விட்டது என்று பத்துப் பதினைந்து வருடமாக எழுதுகிறார்கள். அழிந்தது அந்த வேலை நடந்த இடம். வேலை வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. இது புரியாமல் போனால் எங்கள் பக்கத்து நல்ல பையன்கள் பலர் வீணாகிப் போவார்கள்.

செவன்ஸில் பிறந்த ஆட்டம்

வடசென்னையில் ஃபுட்பால் கற்றுக்கொள்வது என்றால் பெரும்பாலும் செவன்ஸ்தான். இல்லையென்றால் ஐந்து பேர் ஆட்டம். முழு அளவு மைதானம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஒரு மூலையில் கிரிக்கெட், இன்னொரு மூலையில் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறவர்கள், நடுவில் இரண்டு மூன்று டீம். குட்டி பிரேசில் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற வியாசர்பாடியின் ஆட்டம் இந்த நெருக்கத்தில் உருவானது. தரை மண். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. அதனால் பந்தை நம்பாமல் ஆளைப் பார்க்கப் பழகுகிறார்கள்.

நாங்கள் ஆடும் செவன்ஸில் ஆஃப்சைட் கிடையாது, அதாவது பாஸ் அடிக்கும் நொடியில் ஃபார்வர்ட் எதிரணியின் கடைசி டிஃபண்டரைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற விதி இல்லை. கேட்க சின்ன விஷயம், ஆனால் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ஆஃப்சைட் இல்லையென்றால் ஒரு ஃபார்வர்ட் எதிரணி கோல் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம். அவனைத் தனியாக விட்டுவிட்டு டிஃபண்டர்கள் மேலே ஏறி வர முடியாது. அவர்கள் கீழேயே தங்குவார்கள். அவர்களுடைய மிட்ஃபீல்ட் ஆட்கள் பந்தைத் தேடி முன்னால் போவார்கள். நடுவில் ஒரு காலியிடம் தானாகத் திறந்துகொள்ளும். எங்கள் பையன் வளர்ந்ததே அந்தக் காலியிடத்தில்தான்.

அவன் போட்ட ஒரு பாஸை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இரவு டோர்னமென்ட், ஃப்ளட் லைட் வெளிச்சம். எங்கள் ரைட் பேக் காலிலிருந்து பந்து இவனை நோக்கி வருகிறது. வருவதற்குள் இவன் தாடை இடது தோளைத் தொட்டது, அப்புறம் வலது, மறுபடி இடது. மூன்றாவது முறை திரும்பியபோது, எதிரணியின் கடைசி டிஃபண்டர் ஒரு எட்டு இவன் பக்கம் நகர்ந்திருந்தார். அவ்வளவுதான். பந்தை இவன் நிறுத்தவே இல்லை. தன் கால்களுக்கு நடுவே ஓட விட்டு, உடம்பைத் திருப்பி, வெளிப்பாதத்தால் ஒரு தட்டு. அந்த டிஃபண்டர் விட்டு வந்த ஒரு எட்டு இடைவெளிக்குள் பந்து போனது. எங்கள் ஃபார்வர்ட் ஓடத் தொடங்கியதே இவன் மூன்றாவது முறை திரும்பிப் பார்த்தபோதுதான். இருவரும் தெருவில் சேர்ந்து ஆடி வளர்ந்தவர்கள். ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கோல் விழும் முன்பே கை தட்டிவிட்டார்.

அந்தக் கைத்தட்டலில்தான் பத்தாம் நம்பரின் கவர்ச்சி முழுதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோல் எல்லாருக்கும் தெரியும். இந்த மாதிரி பாஸ் வரும்போது, நாமும் அதே மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், நம் கண்ணுக்குப் படாத வழி இவன் கண்ணுக்கு எப்படிப் பட்டது என்று ஒரு சிலிர்ப்பு வருகிறது. கேரம் நன்றாக ஆடுகிறவன் அடிக்கப் போகும் காயைவிட, அதற்கு அடுத்த காய் எங்கே வந்து நிற்கும் என்று பார்ப்பானே, அந்தக் கண். சின்னப் பசங்க டீமுக்கு ஜெர்சி வந்தால் முதல் சண்டை பத்துக்குத்தான் நடக்கும். உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருக்களில் பாதி மஞ்சள், பாதி வெளிர்நீலம். ஆனால் இரண்டு பக்கமும் முதுகில் எழுதியிருப்பது ஒரே எண்.

பெரிய மைதானத்தில் நடந்தது

லீக் ஆட்டம். எதிரணியின் கோச் விவரமானவர். இவனுக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் என்று இரண்டு மிட்ஃபீல்டர்களை நிறுத்திவிட்டார். அதோடு நிற்கவில்லை. அவருடைய நான்கு டிஃபண்டர்களும் ஆஃப்சைட் விதியை நம்பி நடுக்கோடு வரைக்கும் ஏறி வந்தார்கள். எங்கள் ஃபார்வர்ட் அவர்களோடு சேர்ந்து மேலே வந்தாக வேண்டும், இல்லையென்றால் கொடி உயரும். செவன்ஸில் தானாகத் திறந்த அந்தக் காலியிடம் இங்கே பாய் சுருட்டியதுபோல் ஆகிவிட்டது.

கோலுக்கு முதுகைக் காட்டியபடி இவன் பந்தை வாங்குகிறான். முதல் டச்சிலேயே பின்னால் இருந்தவன் காலை நீட்டிவிடுகிறான். எங்களுக்கு விழுந்த முதல் கோலே இப்படி இவனிடமிருந்து பறித்த பந்தில் வந்ததுதான். அதற்கப்புறம் கூட ஆடியவர்களே இவனுக்குப் பாஸ் கொடுக்கத் தயங்கினார்கள். இரண்டாம் பாதியில் பந்து கேட்டு எங்கள் சென்டர் பேக் வரைக்கும் இறங்கி வந்தான். வாங்கினான், ஆனால் முன்னால் பாஸ் கொடுக்க ஆள் இல்லை, ஏனென்றால் அங்கே நிற்க வேண்டியவன் இவன்தான்.

ஆட்டம் முடிந்து பையைக் கட்டும்போது தலைமைக் கோச் கேட்டார்: “எங்கடா இருந்த நீ?”

“அங்கதாண்ணா இருந்தேன். பால் வரும்போதே கூடவே ரெண்டு பேர் வர்றாங்கண்ணா.”

சாக்குப் போக்கு மாதிரி ஒலிக்கும். ஆனால் கடந்த நாற்பது வருடக் கால்பந்து வரலாற்றின் ஒரு பெரிய பகுதி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இடம் எப்படி வந்தது, எப்படிப் போனது

1953 நவம்பர் 25, வெம்ப்ளி. ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது. ஐரோப்பாக் கண்டத்து அணி ஒன்றிடம் சொந்த மண்ணில் இங்கிலாந்துக்கு அதுதான் முதல் தோல்வி. ஹங்கேரியின் நாண்டோர் ஹிடெக்குட்டி ஒன்பதாம் நம்பர் போட்டிருந்தார், அதாவது சென்டர் ஃபார்வர்ட். ஆனால் அவர் கோல் முன்னால் நிற்காமல் கீழே இறங்கி இறங்கி ஆடினார். அவரைக் காவல் காக்க வேண்டிய ஹாரி ஜான்ஸ்டனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பின்னாலேயே போனால் கோல் முன்னால் ஓட்டை. போகாமல் நின்றால் ஹிடெக்குட்டி கேட்பாரற்று ஆடுகிறார். அன்று ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டார்.

இந்த ஆட்டத்தை எங்கள் பசங்களுக்கு அடிக்கடி சொல்வேன். ஹிடெக்குட்டி வென்றது, எதிராளி எதிர்பார்த்த இடத்தில் அவர் நிற்காததால். அப்போது அந்த இடத்துக்குப் பெயரே இல்லை. பெயர் வந்த பிறகு அங்கே காவலுக்கு ஆள் போட்டுவிட்டார்கள்.

எண் ஒட்டிக்கொண்டது தற்செயலாகத்தான். 1958 ஸ்வீடன் உலகக் கோப்பைக்குப் பிரேசில் வீரர்களின் எண்கள் முறையாக ஒதுக்கப்படாமல் போக, கோல்கீப்பர் ஜில்மாருக்கு மூன்று வந்தது, பதினேழு வயது பெலேவுக்குப் பத்து வந்தது. அவர் ஆறு கோல் போட்டுக் கோப்பையோடு திரும்பினார். அப்புறம் அந்த எண்ணை யார் விடுவார்கள்?

1986 மெக்ஸிகோவில் மரடோனா அந்த இடத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். இங்கிலாந்துக்கு எதிராகப் பாதி மைதானத்தை ஓடிக் கடந்து போட்ட கோலை எல்லாரும் பேசுவார்கள். எனக்கு இறுதி ஆட்டத்துப் பாஸ்தான் பெரிது. மேற்கு ஜெர்மனியின் மத்தேயஸ் அன்று அவரை நிழலாகத் தொடர்ந்தார். ஆட்டம் 2-2. முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. நடுவட்டத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் ஜெர்மானியர்கள் நிற்க, எகிறி வந்த பந்தை நிறுத்தாமல் ஒரே தட்டில் புருசாகாவின் ஓட்டத்துக்குத் தள்ளிவிட்டார். 3-2. கோப்பை. சுற்றி வளைத்தாலும் பார்த்து வைத்தவனுக்கு ஒரு டச் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பாட்டு எண்பதுகளின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. ஏ.சி. மிலான் கோச் அரிகோ சாக்கி, தன் கடைசி டிஃபண்டருக்கும் முன்னால் இருக்கும் ஃபார்வர்டுக்கும் நடுவே 25 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று பழக்கினார். 105 மீட்டர் நீள மைதானத்தில் ஆட்டம் முழுவதையும் கால்வாசி நீளத்துக்குள் நெருக்கிவிட்டார். 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். இத்தாலி முழுக்க 4-4-2 பரவியது, அதாவது நான்கு டிஃபண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஃபார்வர்ட். அந்த அமைப்பில் பத்தாம் நம்பருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. 1997இல் இத்தாலியின் பேர்பெற்ற பத்தாம் நம்பர் ரொபர்தோ பாஜியோ பார்மா கிளப்புக்கு வரத் தயாராக இருந்தும், தன் 4-4-2இல் அவருக்கு இடமில்லை என்று அங்கே கோச்சாக இருந்த கார்லோ அஞ்சலோட்டி வேண்டாமென்றார். பாஜியோ பொலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் 22 லீக் கோல் போட்டார். அஞ்சலோட்டியே பின்னாளில் அதற்காக வருந்தினார்.

அப்புறம் வந்த 4-2-3-1, அதாவது நான்கு டிஃபண்டர், அவர்களுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டர், அதற்கு முன்னால் மூன்று பேர், ஒரு ஃபார்வர்ட் என்ற அமைப்பு, அந்த மூவரின் நடுவில் பத்தாம் நம்பருக்கு மறுபடி ஒரு நாற்காலி போட்டது. கூடவே எதிரணியிலும் அதே இடத்துக்கு இரண்டு காவலாளிகளைக் கொடுத்தது. எங்கள் பையனைச் சுற்றி நின்றார்களே, அதே இரண்டு பேர். பந்து பறிபோன நொடியிலேயே பாய்ந்து திரும்பப் பறிப்பதைவிட நல்ல பிளேமேக்கர் (ஆட்டத்தைப் பின்னுகிறவர்) உலகத்தில் இல்லை என்று ஜெர்மன் கோச் யூர்கன் க்ளாப் சொன்ன காலத்தில், நின்று நிதானமாக ஆடுகிறவனுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போனது.

ரிக்கெல்மேவா, பிர்லோவா

எங்கள் தலைமைக் கோச் அர்ஜென்டினா பக்கம். 2006 ஜூன் 30 பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவர் குரல் மாறும். பெர்லினில் ஜெர்மனிக்கு எதிரான காலிறுதி. அயாலாவின் கோலில் அர்ஜென்டினா 1-0 என்று முன்னால் இருக்கிறது. 72ஆவது நிமிடத்தில் கோச் பெக்கர்மேன் பத்தாம் நம்பர் ஹுவான் ரோமன் ரிக்கெல்மேவை வெளியே எடுத்து கம்பியாசோவை இறக்கினார். பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தை ஆற அமர நடத்தும் ஆள் போய்விட்டார். 80ஆவது நிமிடத்தில் க்ளோஸா சமன் செய்தார். பெனால்டியில் அர்ஜென்டினா வெளியேறியது. பெஞ்சில் இருந்த பத்தொன்பது வயது மெஸ்ஸி இறங்கவே இல்லை. இரண்டு வாரம் முன்னால்தான் இதே அணி, ரிக்கெல்மேவை நடுவில் வைத்து, செர்பியா மொண்டெனேக்ரோவுக்கு எதிராக இருபதுக்கு மேல் பாஸ்களைக் கோத்து ஒரு கோல் போட்டு, 6-0 என்று ஜெயித்திருந்தது.

“பாத்தியா, அந்த மாதிரி ஆளையே எடுத்துட்டாங்க. நம்ம பையனுக்கு யார் இடம் குடுப்பா? விங்குக்கு மாத்திடலாம்” என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் வேறொரு காரணமும் இருந்தது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பையன்களுக்கு ஃபுட்பால் என்பது ரயில்வே, ஐ.சி.எஃப், வங்கி, கஸ்டம்ஸ் டீம்களில் ஒரு வேலைக்கான வழியும்கூட. அதற்கு மேல் கனவு கண்டால் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக். அங்கே ஆட்டத்தை நடத்தும் நடு இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரருக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். பெரியமேட்டு ஸ்டேடியத்தில் நாங்கள் பார்த்ததும் அதுதான். 2019-20இல் கடைசி இடங்களில் தத்தளித்த சென்னையின் எஃப்.சி., ஓவன் காயல் கோச்சாக வந்த பிறகு இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. அந்த ஓட்டத்தில் ஆட்டத்தைப் பின்னியவர் பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோ. 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கியவர் வால்ஸ்கிஸ். அடுத்த சீசன் பாதியில் கிரிவெல்லாரோ காயத்தில் போனார். வால்ஸ்கிஸ் ஏற்கெனவே ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். 20 ஆட்டத்தில் 17 கோல், 11 டிரா, எட்டாவது இடம். பாஸ் போடுகிற ஒருவனுக்கு எவ்வளவு மதிப்பு என்று அப்போது புரிந்தது. அந்த இடத்துக்கு நம் ஊர்ப் பையனை யாரும் யோசிக்கவில்லை என்பதும் புரிந்தது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் போட்டு, இந்த இரண்டு கொல்கத்தா அணிகளின் மோதலில் ஈஸ்ட் பெங்காலுக்கு வருடக்கணக்காக நீண்ட வெற்றி வறட்சியை முடித்துவைத்தார். அவரும் விங்கர்தான், கோட்டோரம் ஆடுகிறவர். கோச் சொன்ன வழி இருக்கிற வழி.

நான் வேறொரு ஆளைக் காட்டினேன். இத்தாலியின் ஆந்திரேயா பிர்லோ சின்ன வயதில் பத்தாம் நம்பர்தான். 2001இல் பிரேஷா கிளப்புக்குக் கடனாகப் போனபோது அங்கே அந்த இடத்தில் பாஜியோ இருந்தார். கோச் மட்சோனே பிர்லோவை டிஃபண்டர்களுக்கு முன்னால், ஆழத்தில் நிறுத்தினார். பாஜியோவை வேண்டாமென்ற அதே அஞ்சலோட்டி, மிலானில் பிர்லோவை அந்த ஆழத்திலேயே வைத்து அணியைக் கட்டினார். அங்கே காவல் இல்லை. ஆட்டம் முழுவதும் கண் முன்னால் விரிந்து கிடக்கிறது. ரிக்கெல்மே வெளியேறி நான்கு நாள் கழித்து, ஜூலை 4 அன்று, டோர்ட்முண்டில் ஜெர்மனிக்கு எதிராக 119ஆவது நிமிடம். பாக்ஸ் விளிம்பில் பந்தை வைத்துக்கொண்டு பிர்லோ பக்கவாட்டில் மெல்ல நகர்கிறார். எல்லாரும் அவர் ஷாட்டை எதிர்பார்த்து நிற்க, குரோஸோவுக்கு வழி திறக்கும் வரைக்கும் பொறுத்து, வேறு பக்கம் பார்த்தபடியே பாஸைச் செருகினார். கோல். இத்தாலி கோப்பை வாங்கியது.

ஒரே உலகக் கோப்பை, ஒரே எதிரணி. ரிக்கெல்மே அந்த இடத்திலேயே நின்றார்; பிர்லோ வேறு இடத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்கு ரிக்கெல்மேவைப் பிடிக்கும், இன்றைக்கும் அவர் ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பேன். ஆனால் ஒரு பையனின் வாழ்க்கை கையில் இருக்கும்போது பிர்லோவின் வழியைத்தான் காட்டுவேன்.

விங்கில் வைத்துப் பார்த்தது

கோச் முடிவுப்படி முதலில் லெஃப்ட் விங். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பையன் ஓட்டத்தில் வேகம் கிடையாது. நேராக ஓடி ஆளைக் கடக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், கோட்டோரத்தில் நிற்கிறவனுக்கு ஒரு பக்கம்தான் மைதானம். இரண்டு தோளுக்கும் திரும்பிப் பார்க்கும் அந்தக் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. பந்தைப் பறிகொடுத்தால் பின்னால் ஓடி வர வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டான். அது பின்னால் உதவியது.

ஒரு நாள் பயிற்சி முடிந்து என்னிடம் வந்தான். “அண்ணா, ஓரத்துல நின்னா எனக்கு ஆட்டமே தெரிய மாட்டேங்குது. நடுவுல எங்கயாச்சும் போடுங்க, கீழ போட்டாலும் பரவால்ல.” அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் கோச்சிடம் கொண்டுபோனேன்.

எட்டாம் நம்பர் இடத்தில்

4-3-3இல் நடு மூவரில் இடது பக்கத்து ஆளாக, எட்டாம் நம்பர் என்று சொல்கிற இடத்தில் வைத்தோம். இங்கிலாந்துக் கிளப் மான்செஸ்டர் சிட்டியில் கோச் கார்டியோலா கெவின் டி புருய்னையும் டேவிட் சில்வாவையும் ஆடவைத்த இடம் அது. இருவருமே வேறு காலத்தில் பிறந்திருந்தால் சுத்தமான பத்தாம் நம்பர்கள். 2017-18இல் அந்த அணி 100 புள்ளி எடுத்தது, 106 கோல் போட்டது. பத்தாம் நம்பர் செத்துவிட்டான் என்றால், அந்த அணியில் இரண்டு பேர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது எப்படி?

இடத்தை மாற்றியதால் நடந்த முதல் நன்மை, பந்து வாங்கும்போது பையன் கோலைப் பார்த்து நின்றான். முதுகில் ஆள் இல்லை. இவனைக் காவல் காக்க எதிரணி மிட்ஃபீல்டர் மேலே ஏறி வர வேண்டும். ஏறினால் அவன் விட்ட இடம் காலி. ஜான்ஸ்டனுக்கு வெம்ப்ளியில் வந்த அதே சங்கடம். எழுபது வருடம் ஆகியும் அதற்கு முழு மருந்து கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம், வலது நடுவில் காசிமேட்டுப் பையன் ஒருவனை வைத்தோம். அவன் பாஸ் சுமார்தான். ஆனால் நெஞ்சு முழுக்க மூச்சு. ஓடச் சொன்னால் ஓடிக்கொண்டே இருப்பான். இவன் முன்னால் போனால் அவன் நடுவுக்கு வந்து மூடுவான். 2022 கத்தாரில் அர்ஜென்டினா செய்ததும் இதுதான். டி பால், என்ஸோ, மாக் அலிஸ்டர் மூவரும் ஓடி ஓடி உழைத்ததால் முப்பத்தைந்து வயது மெஸ்ஸி ஆட்டத்தில் பாதி நேரம் நடந்துகொண்டே இடங்களைப் பார்த்துவைக்க முடிந்தது. நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் மோலினாவுக்குப் பார்க்காமலே அவர் கொடுத்த அந்த பாஸ், நடந்துகொண்டே பார்த்துவைத்ததன் பலன். படைக்கிறவனைப் பற்றிப் பேசும்போது அவனுக்காக ஓடுகிறவனை மறந்துவிடுகிறோம். எங்கள் கதையில் காசிமேட்டுப் பையனுக்குச் சரிபாதிப் பங்கு.

பயிற்சியில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் செய்தோம். இவனுக்குப் பின்னால் இரண்டு பேர் வேறு வேறு நிற பிப் (ஜெர்சிக்கு மேல் மாட்டும் பனியன்) போட்டு நிற்பார்கள். நான் பாஸ் அடித்த பிறகு ஒருவர் பக்கத்தில் வருவார், மற்றவர் விலகுவார். பந்து காலுக்கு வரும் முன் யார் வருகிறார் என்று நிறத்தைக் கத்த வேண்டும். வருகிறவர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி முன்னால் பாஸ். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் தொழில்முறை மிட்ஃபீல்டர்களின் வீடியோக்களைப் பார்த்து இதைத்தான் கண்டார்: பந்து வரும் முன் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறவர்களின் முன்னோக்கிய பாஸ்கள் அதிகம் போய்ச் சேருகின்றன. எங்கள் பையனுக்கு அந்தப் பழக்கம் செவன்ஸிலேயே வந்துவிட்டது. பெரிய மைதானத்தில் பார்க்க வேண்டிய தூரம் அதிகம், அதற்கு மட்டும் பழக்கினோம். இதே பயிற்சியை மற்றவர்களுக்கும் கொடுத்தோம். சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. வராதவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். பந்து எங்கே எகிறுமோ என்ற பயம் அவர்களை விடவில்லை.

சீசனின் பிற்பாதியில் பலன் தெரிந்தது. பந்தைப் பறிகொடுப்பது வெகுவாகக் குறைந்தது. ஒரு ஆட்டத்தில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் பந்தை வாங்கி, ஏறி நின்ற டிஃபண்டர்களின் தலைக்கு மேலே, எங்கள் ரைட் விங் பையன் ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு இறக்கினான். முதல் ஆட்டத்தில் எங்களை நெருக்கிக் கொன்ற அந்த உயர்ந்த டிஃபன்ஸ் லைன்தான் இங்கே அவனுக்காகத் தன் பின்னால் அத்தனை பெரிய நிலத்தைத் திறந்து வைத்திருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தலைமைக் கோச் எழுந்து நின்றுவிட்டார்.

தீராத கேள்விகள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கடைசி இருபது நிமிடத்தில் பையன் களைத்துப்போகிறான். விவரமான எதிரணி அப்போது அவன் பக்கமாகவே தாக்குகிறது. அப்படி ஒரு கோல் வாங்கி ஒரு ஆட்டத்தில் டிரா ஆனது. எட்டாம் நம்பர் இடம் பத்தாம் நம்பர் இடத்தைவிட ஓட்டம் அதிகம் கேட்கிறது. காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருகிறவனிடம் அந்த ஓட்டத்தைக் கேட்பதற்கு முன், அவன் தட்டில் முட்டையும் பயறும் வர வழி செய்ய வேண்டும். அதற்காகத் தெரிந்தவர்களிடம் பேசியிருக்கிறோம். இது கோச்சிங் விஷயம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் விஷயம்.

பலன் முழுவதும் இட மாற்றத்தால் வந்தது என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். பிற்பாதியில் எதிரணிகள் சில பலவீனமானவை. காசிமேட்டுப் பையன் இல்லாத ஆட்டத்தில் எங்கள் நடுப்பகுதி ஓட்டையாகிப் போனது.

இன்னொரு கவலை, செலக்‌ஷன் நடத்துகிறவர்கள். அங்கே உயரம் பார்க்கிறார்கள், குறுகிய தூர ஓட்டத்துக்கு ஸ்டாப் வாட்ச் வைக்கிறார்கள், அப்புறம் தெரியாத இருபத்திரண்டு பேரைச் சேர்த்து அரை மணி நேரம் ஆடவிடுகிறார்கள். பாஸை எதிர்பார்த்து ஓடத் தெரியாதவர்களுக்கு நடுவில் பாஸ் போடுகிறவன் எப்படித் தெரிவான்? ஓடிக் கடக்கிறவன்தான் கண்ணில் படுவான். பந்து வரும் முன் பையன் எங்கே பார்க்கிறான் என்று கவனிக்க ஓரத்தில் ஒரே ஒரு ஆள் நின்றாலே நிலைமை மாறும். செலவே இல்லாத காரியம். தலைமைக் கோச் இன்னமும் “செலக்‌ஷனுக்குப் போனா விங்குன்னு எழுதிக் குடு” என்றுதான் அவனிடம் சொல்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சின்னப் பசங்க விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம். செவன்ஸை நிறுத்தப் போவதில்லை, அந்தக் கண் அங்கேதான் வளர்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்தே வாரத்தில் ஒரு நாள் பயிற்சியில் ஆஃப்சைட் உண்டு. மைதானத்தின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பில் ஒரு கோடு. டிஃபண்டர்கள் அதுவரை ஏறி வரலாம். அந்த நெருக்கடியில் பந்து வாங்கிப் பழகிய பிறகு, பதினாறு வயதில் பெரிய மைதானத்துக்குப் போகிறவனுக்கு இரண்டு பேர் கூடவே வருவது புதிதாக இருக்காது. மழைக்காலத்துத் தண்ணீர் வடிந்ததும் பொங்கலுக்கு அடுத்த வாரத்திலிருந்து தொடங்குகிறோம்.